எஷரின் அல்ஹம்ப்ரா பயணங்கள்

எஷரின் அல்ஹம்ப்ரா பயணங்கள் என்பன, டச்சு அச்சோவியக் கலைஞரான மொரிட்ஸ் கோர்னேலிஸ் எஷர் (ஜூன் 17, 1898 – மார்ச் 27, 1972), ஸ்பெயினின் தென்பகுதியில் உள்ள கிரனாடா நகரின் அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு 1922 ஆம் ஆண்டிலும் 1936 ஆம் ஆண்டிலும் மேற்கொண்ட இரண்டு பயணங்களைக் குறிக்கும். பயணத்தில் கண்ட வடிவங்கள் ஒரு வடிவமைப்பாளரின் படைப்புகளை எவ்வாறு மாற்றக்கூடும் என்பதற்கு எடுத்துக்காட்டாக இவை அடிக்கடி குறிப்பிடப்படுகின்றன. எனினும் இவ்விரு பயணங்களின் விளைவுகளும் ஒரே மாதிரியானவை அல்ல. முதற் பயணம் அவருடைய படைப்புகளில் உடனடி மாற்றம் எதையும் ஏற்படுத்தவில்லை. 14 ஆண்டுகளுக்குப் பின்னர் அதே சுவர்களை மீண்டும் கண்டபோதுதான் அவருடைய கலை முற்றிலும் வேறு திசையில் திரும்பியது.

அல்ஹம்ப்ராவின் ஓட்டு அலங்காரம்

அல்ஹம்ப்ரா, கிரனாடாவை ஆண்ட நஸ்ரி வம்சத்தினரால் 13 ஆம், 14 ஆம் நூற்றாண்டுகளில் கட்டப்பட்ட கோட்டையும் அரண்மனைத் தொகுதியும் ஆகும். இதன் பெயர் "சிவப்பு" என்னும் பொருள் தரும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 1492 ஆம் ஆண்டில் கிரனாடா கத்தோலிக்க மன்னர்களின் வசமானது. 1984 இல் யுனெஸ்கோ இதனை உலக பாரம்பரியக் களமாக அறிவித்தது.

அரண்மனைச் சுவர்களின் கீழ்ப்பகுதி, மெருகு பூசிச் சுட்ட களிமண் ஓடுகளால் மூடப்பட்டுள்ளது. இவை வண்ணம் தீட்டிய சதுர ஓடுகள் அல்ல. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஓடுகளைச் சுட்டு, அவற்றைக் கையால் தேவையான வடிவங்களில் வெட்டி, இடைவெளி இல்லாமல் பொருத்தியுள்ளனர். எனவே இங்கே ஒவ்வொரு வடிவமும் தனித் துண்டு. பின்னணி என்று தனியாக எதுவும் இல்லை. கறுப்புத் துண்டுக்கு வெள்ளைத் துண்டு பின்னணி என்றால், வெள்ளைத் துண்டுக்குக் கறுப்புத் துண்டு பின்னணி ஆகிறது. எஷரின் பிற்காலப் படைப்புகளை விளங்கிக்கொள்வதற்கு இந்த இயல்பை நினைவில் கொள்வது அவசியம்.

இவ்வடிவங்கள் சிக்கலானவையாகத் தோன்றினும் பல எளிய விதிகளிலிருந்து உருவானவை. எடுத்துக்காட்டாக, "எலும்பு" எனப்படும் வடிவத்தை ஒரு சதுரத்திலிருந்து பெறலாம். சதுரத்தின் எதிரெதிரான இரு பக்கங்களிலிருந்து இரண்டு சரிவகங்களை வெட்டி எடுத்து, அவற்றை மற்ற இரு பக்கங்களின் வெளிப்புறத்தில் ஒட்டினால் எலும்பு வடிவம் கிடைக்கும். வெட்டிய அளவே ஒட்டப்படுவதால் பரப்பளவு மாறுவதில்லை. துண்டுகளை ஒன்று நிலைக்குத்தாகவும் அடுத்தது கிடையாகவும் மாறிமாறி வைத்தால் தளம் முழுவதையும் நிரப்பலாம். "சிறு பறவை" எனப் பொருள்படும் பஹரித்தா என்ற வடிவம் சமபக்க முக்கோணத்திலிருந்து வருகிறது. ஒவ்வொரு பக்கத்தின் ஒரு பாதியில் வில் வடிவில் வெட்டப்படும் துண்டு, அப்பக்கத்தின் நடுப்புள்ளியைச் சுற்றி அரைவட்டமாகச் சுழற்றப்பட்டு மறுபாதியில் சேர்க்கப்படுகிறது. மூன்று பக்கங்களிலும் இவ்வாறு செய்யும்போது சுழலும் காற்றாடி போன்ற வடிவம் உருவாகிறது.

முதற் பயணம் (1922)

எஷரின் தந்தை ஒரு குடிசார் பொறியாளர். மகன் கட்டிடக்கலை பயில வேண்டும் என்ற எண்ணத்துடன் 1919 ஆம் ஆண்டில் எஷர் ஹார்லம் நகரில் இருந்த கட்டிடக்கலை, அலங்காரக் கலைப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்கே ஆசிரியராக இருந்த சாமுவேல் ஜெசுருன் டி மெஸ்கிட்டா, மாணவரின் மரச்செதுக்கு வேலைகளைக் கண்டு அச்சோவியத் துறைக்கு மாறும்படி ஊக்குவித்தார். யூதரான டி மெஸ்கிட்டா 1944 இல் நாசிகளால் கைது செய்யப்பட்டு ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அவர் வீட்டில் எஞ்சியிருந்த ஓவியங்களைக் காப்பாற்றியவர்களுள் எஷரும் ஒருவர்.

மாணவப் பருவத்திலேயே எஷருக்குத் தளத்தை இடைவெளியின்றி நிரப்புவதில் ஆர்வம் இருந்தது. 1922 ஆம் ஆண்டில் அவர் செய்த "எட்டுத் தலைகள்" என்னும் மரச்செதுக்கு அச்சில், நான்கு ஆண் தலைகளும் நான்கு பெண் தலைகளும் ஒன்றுக்கொன்று இடைவெளி விடாமல் பொருந்துகின்றன. சில தலைகளைக் காண்பதற்குப் படத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். இது ஸ்பெயினுக்குச் செல்லுமுன் செய்யப்பட்டது. ஆகவே எஷரின் தளநிரப்பல் ஆர்வம் அல்ஹம்ப்ராவில் தொடங்கியது எனச் சில இடங்களில் காணப்படும் கூற்று சரியானதன்று.

அதே ஆண்டில் படிப்பை முடித்த எஷர், இத்தாலியிலும் பின்னர் ஸ்பெயினிலும் பயணம் செய்தார். அக்டோபர் மாதத்தில் அல்ஹம்ப்ராவைக் கண்டு, அங்கிருந்த ஓட்டு அலங்காரம் ஒன்றை வண்ணத்தில் படியெடுத்தார். அதன் சிக்கலான அமைப்பு அவரைக் கவர்ந்தபோதிலும், அந்த அமைப்பைத் தானே உருவாக்கும் வழி அவருக்குப் புலப்படவில்லை. 1926 ஆம் ஆண்டை ஒட்டி விலங்கு உருவங்களைக் கொண்டு தளத்தை நிரப்ப மீண்டும் முயன்றார். பட்டுத் துணியில் அச்சிட்டும் பார்த்தார். இவற்றுக்கு வரவேற்பு கிடைக்கவில்லை. விதி தெரியாமல், ஒவ்வொரு வளைவையும் அழித்தழித்து வரைந்து பொருத்த வேண்டியிருந்ததால் இம்முயற்சி அவருக்கும் சலிப்பூட்டியது. அதன் பின்னர் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அவர் இத்துறையைத் தொடவில்லை.

இத்தாலிய ஆண்டுகள்

1923 ஆம் ஆண்டில் இத்தாலியின் ரவெல்லோ நகரில் ஜெத்தா உமிக்கர் என்பவரைச் சந்தித்த எஷர், அடுத்த ஆண்டில் அவரை மணந்து ரோம் நகரில் குடியேறினார். 1935 வரையான இக்காலத்தில் அவர் ஒரு பயணக் கலைஞராகவே வாழ்ந்தார் எனலாம். ஆண்டுதோறும் வசந்த காலத்தில் அப்ருசி, கலாப்ரியா, சிசிலி, அமால்பி கடற்கரை, கோர்சிகா ஆகிய பகுதிகளுக்குச் செல்வார். பெரும்பாலும் கால்நடையாக, சில வேளைகளில் கோவேறு கழுதையின் உதவியுடன். வழியில் வரைந்தவற்றிலிருந்து சிறந்தவற்றைத் தெரிந்து, குளிர்காலத்தில் ரோமில் இருந்தபடி மரச்செதுக்கு அச்சாகவும் கல்லச்சாகவும் ஆக்குவார். மலையின் விளிம்பில் தொங்குவது போன்ற ஊரைக் காட்டும் "காஸ்த்ரோவால்வா" (1930), கடலோரச் சிற்றூரைக் காட்டும் "அத்ரானி" (1931) ஆகியவை இவ்வாறு உருவானவை.

இத்தாலியில் பாசிச ஆட்சி வலுவடைந்தபோது, அரசியலில் ஆர்வமற்ற எஷராலும் அங்கே தொடர்ந்து வாழ இயலவில்லை. பள்ளியில் அவருடைய மூத்த மகன் பாசிச இளைஞர் அமைப்பின் சீருடையை அணிய வேண்டிய நிலை ஏற்பட்டதும், 1935 இல் குடும்பம் சுவிட்சர்லாந்தின் ஷாத்தோ-டே என்னும் மலையூருக்கு இடம்பெயர்ந்தது. பனி மூடிய அந்நிலம் எஷருக்குப் பிடிக்கவில்லை. அங்கே வரைவதற்குரியதாக அவர் எதையும் காணவில்லை. ஓரிரவு கடலலையின் ஓசை கேட்டு விழித்ததாகவும், அது ஜெத்தா தலைவாரும் ஓசை என்பதை உணர்ந்தபோது கடற்பயண ஏக்கம் மேலிட்டதாகவும் கூறப்படுகிறது.

இரண்டாவது பயணம் (1936)

பயணத்துக்கான பணம் எஷரிடம் போதிய அளவு இல்லை. எனவே மத்தியதரைக் கடலில் சரக்குக் கப்பல்களை இயக்கிவந்த அட்ரியா என்னும் இத்தாலிய நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, கட்டணத்துக்குப் பதிலாகப் பயணத்தில் வரையும் காட்சிகளின் அச்சோவியங்களைத் தருவதாகக் கூறினார். அவரே எதிர்பாராத வகையில் நிறுவனம் இதற்கு உடன்பட்டது. 1936 வசந்த காலத்தில் புறப்பட்ட எஷருடன் ஜெத்தாவும் பயணத்தின் ஒரு பகுதியில் இணைந்துகொண்டார்.

கார்த்தஹேனா துறைமுகத்தில் பழைய மதிலை வரைந்துகொண்டிருந்த எஷரை உளவாளி என ஐயுற்று ஸ்பானியக் காவல்துறையினர் பிடித்துச் சென்றனர். பின்னர் விடுவிக்கப்பட்டாலும் வரைந்த படங்கள் திருப்பித் தரப்படவில்லை. அவ்வாண்டு ஜூலையில் ஸ்பானிய உள்நாட்டுப் போர் வெடித்ததை நோக்க, காவலர்களின் பதற்றம் வியப்புக்குரியதல்ல.

மே மாதத்தில் எஷரும் ஜெத்தாவும் அல்ஹம்ப்ராவை அடைந்தனர். இம்முறை ஒரு படத்துடன் நிறுத்திக்கொள்ளவில்லை. பல நாட்கள் தொடர்ந்து சுவரின் முன் அமர்ந்து, ஓட்டு அலங்காரங்களைப் பென்சிலாலும் வண்ணத்தாலும் ஒன்றன்பின் ஒன்றாக இருவரும் படியெடுத்தனர். பின்னர் கொர்தோபாவில், 8 ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி 1236 முதல் தேவாலயமாக விளங்கும் பெரிய மசூதியிலும் இவ்வாறே செய்தனர்.

கைக்கு எட்டும் தூரத்தில் ஒளிப்படக் கருவி இருந்த காலத்தில் இவ்வளவு நேரம் செலவிட்டுக் கையால் படியெடுத்தது ஏன் என்ற கேள்வி எழலாம். எஷர் ஒளிப்படம் எடுக்கத் தெரியாதவர் அல்லர். பயணங்களில் எடுத்தும் இருக்கிறார். ஆனால் ஓர் அலங்காரத்தை வரையும்போது, முதல் துண்டை வரைந்ததும் அடுத்த துண்டு எங்கே, எந்தக் கோணத்தில் வரவேண்டும் என்பதை முடிவுசெய்தாக வேண்டும். சில துண்டுகளுக்குப் பின் சுவரைப் பார்க்காமலேயே தொடர முடிகிறது என்றால், அலங்காரத்தின் விதி பிடிபட்டுவிட்டது என்று பொருள். ஒளிப்படம் சுவரின் தோற்றத்தைக் காட்டும். இந்தப் பயிற்சியை அது தருவதில்லை.

படிகவியலுடன் தொடர்பு

சுவிட்சர்லாந்துக்குத் திரும்பிய எஷர், படியெடுத்த அமைப்புகளில் ஓடுகளுக்குப் பதிலாக உயிரினங்களைப் பொருத்தத் தொடங்கினார். 1937 இல் குடும்பம் பெல்ஜியத்தின் உக்கிள் நகருக்குச் சென்றது. அவ்வாண்டில் நெதர்லாந்தில் இப்படங்களைக் குடும்பத்தினருக்குக் காட்டியபோது, அவருடைய மாற்றாந்தாய் வழிச் சகோதரரும் லெய்டன் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியருமான பேரென்ட் எஷர், இவை படிகவியலில் ஆராயப்படும் அமைப்புகளே என்பதைக் கண்டு ஜெர்மானியப் படிகவியல் ஆய்விதழின் கட்டுரைகளைப் படிக்கும்படி கூறினார்.

அவற்றுள் கணிதவியலாளர் ஜோர்ஜ் போல்யா 1924 இல் எழுதிய கட்டுரை எஷருக்குப் பெரிதும் பயன்பட்டது. ஒரு தளத்தில் இரு திசைகளில் முடிவின்றித் திரும்பத் திரும்ப வரும் அமைப்புகளைச் சமச்சீரின் அடிப்படையில் வகைப்படுத்தினால் 17 வகைகள் மட்டுமே உண்டு. இவற்றைத் தளச் சமச்சீர்க் குலங்கள் என்பர். ரஷ்யப் படிகவியலாளர் ஃபெதரோவ் இதனை 1891 இலேயே நிறுவியிருந்தார். போல்யா தனித்து அதே முடிவை அடைந்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு படமும் வரைந்திருந்தார். நான்கு அசைவுகளே இக்குலங்களின் அடிப்படை: பெயர்ச்சி, சுழற்சி, எதிரொளிப்பு, எதிரொளித்து நகர்த்தும் நழுவு எதிரொளிப்பு. சுழற்சியிலும் 180, 120, 90, 60 பாகைச் சுழற்சிகளை அடிப்படையாகக் கொண்டவை மட்டுமே இயலும். ஐந்து மடங்குச் சுழற்சி இத்தகைய அமைப்பில் இடம்பெற முடியாது.

பள்ளிக் கணிதத்தில் சிறந்து விளங்காத எஷருக்குக் கட்டுரையின் கணிதம் விளங்கவில்லை. எனினும் அவர் அதனைத் தம் குறிப்பேட்டில் கையால் படியெடுத்தார். 17 படங்களையும் வரைந்துகொண்டார். அல்ஹம்ப்ராச் சுவரிடம் நடந்துகொண்டதைப் போலவே ஆய்விதழிடமும் நடந்துகொண்டார் எனலாம். பின்னர் தமது தேவைக்கேற்பத் தனியான வகைப்பாடு ஒன்றை உருவாக்கி 1941, 1942 ஆம் ஆண்டுகளில் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். கணிதவியலாளர்கள் "இந்த அமைப்பின் சமச்சீர் என்ன?" என்று கேட்டனர், எஷரின் கேள்வி "ஒரு துண்டின் எந்தப் பக்கத்தை மாற்றினால் வேறு எந்தப் பக்கம் மாறவேண்டும்?" என்பதாகும். அடுத்தடுத்த துண்டுகள் வேறு வேறு நிறத்தில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் அவருடைய வகைப்பாட்டில் சேர்ந்திருந்தது. நிறச் சமச்சீர் படிகவியலில் விரிவாக ஆராயப்பட்டது 1950களில்தான். 1965 ஆம் ஆண்டில் அனைத்துலகப் படிகவியல் ஒன்றியத்துக்காகக் கரோலின் மக்கில்லாவ்ரி எழுதிய பாடநூல் எஷரின் படங்களையே எடுத்துக்காட்டுகளாகக் கொண்டது.

17 வகைகளும் அல்ஹம்ப்ராவில் உள்ளனவா என்பது நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. பின்னாளில் வானியலாளராகப் புகழ்பெற்ற எடித் முல்லர், 1944 இல் வெளியான தமது ஆய்வேட்டில் முதன்முறையாக இவ்வலங்காரங்களைக் குலக் கோட்பாட்டின்படி ஆராய்ந்தார். அனைத்து வகைகளும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1980களில் சில ஆய்வாளர்கள் விடுபட்டவற்றையும் கண்டதாக அறிவித்தனர். நிறத்தைக் கணக்கில் கொள்வதா, ஒரு சிறு பட்டையை முழு அமைப்பாக ஏற்பதா என்பவற்றைப் பொறுத்து விடை மாறுகிறது. அரண்மனையைக் கட்டியவர்கள் இப்படி ஒரு பட்டியலை நிரப்பும் நோக்கத்துடன் வேலை செய்யவில்லை என்பதால், "17 உம் உண்டு" என்பதைப் பெரும் சாதனையாகக் கூறுவதில் பொருளில்லை.

பயணத்திலிருந்து பெறப்பட்டது

எஷருக்கு முன்னரும் பலர் அல்ஹம்ப்ராவில் வடிவங்களைத் தேடினர். ஆங்கிலக் கட்டிடக் கலைஞர் ஓவன் ஜோன்ஸ் 1834 இல் பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர் ஜூல் கூரியுடன் அங்கே சென்று அளந்து வரைந்தார். கூரி கிரனாடாவிலேயே வாந்திபேதியால் இறந்தார். ஜோன்ஸ் இப்படங்களை வண்ணக் கல்லச்சில் வெளியிட்டார். 1856 இல் வெளிவந்த அவருடைய "அலங்காரத்தின் இலக்கணம்" என்னும் நூல் வடிவமைப்பாளர்களிடையே பெரும் செல்வாக்குப் பெற்றது. இதன் பின்னர் ஐரோப்பாவில் மூரிய பாணி நாகரிகமாயிற்று. நாடக அரங்குகளும் அல்ஹம்ப்ரா எனப் பெயர் பெற்றன. அவற்றுள் புகழ்பெற்ற லண்டன் அல்ஹம்ப்ரா அரங்கு இடிக்கப்பட்டது, எஷர் கிரனாடாவுக்கு மீண்டும் சென்ற அதே 1936 ஆம் ஆண்டில்.

இவர்களிலிருந்து எஷர் வேறுபடுகிறார். அவருடைய அச்சோவியங்களில் மூரிய வளைவுகளோ விண்மீன் கோலங்களோ அலங்காரமாக இடம்பெறுவது அரிது. அவர் எடுத்துக்கொண்டது தளத்தைப் பிரிக்கும் விதியை மட்டுமே. 1943 ஆம் ஆண்டின் "ஊர்வன" என்னும் கல்லச்சில் காணப்படும் பல்லி இதற்குச் சான்று. அதன் அடிப்படை ஓர் ஒழுங்கான அறுகோணம். ஒரு பக்கத்தில் வெட்டப்படும் துண்டு, ஒரு முனையைச் சுற்றி 120 பாகை சுழற்றப்பட்டு அடுத்த பக்கத்தில் சேர்க்கப்படுகிறது. பஹரித்தா ஓட்டின் வழிமுறைக்கு நெருங்கிய உறவுடையது இது. ஆனால் படத்தைப் பார்ப்பவருக்குக் கிரனாடா நினைவுக்கு வருவதில்லை. "குதிரைவீரன்" (1946) என்னும் மரச்செதுக்கு அச்சின் அடிப்படையான நழுவு எதிரொளிப்பு, எஷரின் விருப்பத்துக்குரியதாக இருப்பினும், அல்ஹம்ப்ராவில் அது தனித்து ஓர் அமைப்பை ஆள்வது அரிதிலும் அரிது.

1958 இல் வெளியான தளப் பிரிப்புப் பற்றிய தமது நூலில் எஷர் மூர்களை இத்துறையின் பெரும் வல்லுநர்களாகப் போற்றினார். கூடவே, அவர்கள் உயிருருவங்களைப் பயன்படுத்தாமல் வடிவியல் உருவங்களுடன் நின்றுவிட்டதற்கு வருந்தினார். ஓட்டு அலங்காரத்தைப் பொறுத்தவரை இது சரியே. ஆனால் அதே அரண்மனையில் நீரூற்றைத் தாங்கும் 12 பளிங்குச் சிங்கங்கள் உள்ளன. அரசர் மண்டபத்தின் கூரையில் மனித உருவ ஓவியங்களும் உள்ளன. எனவே உருவத் தடை என்ற ஒரே காரணத்தால் இதனை விளக்க முடியாது. கையால் வெட்டிப் பொருத்தும் ஓட்டு வேலையில் நேர்கோடும் எளிய வில்லும் வசதியானவை என்பதையும் கருத வேண்டும்.

பிற்காலப் படைப்புகளில் பயணப் படங்கள்

அல்ஹம்ப்ராவின் தாக்கம் முதன்முதலாகத் தெளிவாக வெளிப்பட்ட பெரிய படைப்பு "உருமாற்றம் 1" (1937) ஆகும். இதில் ஓர் இத்தாலியக் கடலோர ஊரின் வீடுகள் படிப்படியாகக் கனசதுரங்களாகி, பின்னர் சீன உடை அணிந்த ஒரு சிறுவனின் உருவமாக மாறுகின்றன. அந்த ஊர் 1931 இல் எஷர் வரைந்த அத்ரானியே. இத்தாலியில் சேர்த்த காட்சிகளும் ஸ்பெயினில் பெற்ற விதியும் இவ்வாறு ஒரே படத்தில் இணைந்தன. அடுத்த ஆண்டில் வெளிவந்த "பகலும் இரவும்" என்னும் அச்சில் தட்டையான டச்சு வயல்கள் மேலெழுந்து, எதிரெதிர்த் திசைகளில் பறக்கும் வெள்ளை, கறுப்புப் பறவைகளாகின்றன. ஒவ்வொரு பறவைக்கும் மற்ற நிறப் பறவை பின்னணியாக அமைகிறது. எஷரின் அச்சோவியங்களில் மிகவும் பரவலாக அறியப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று.

தாம் இத்தாலியை விட்டு வெளியேறியதால், வெளியுலகக் காட்சிகளிலிருந்து விலகி மனத்துள் தோன்றும் உருவங்களை நாட வேண்டியதாயிற்று என எஷர் பின்னர் எழுதினார். ஆயினும் 1941 முதல் நெதர்லாந்தின் பார்ன் நகரில் வாழ்ந்த அவர் பழைய பயண ஏடுகளைக் கைவிடவில்லை. கப்பல் வழியில் கண்ட மால்ட்டாவின் செங்லியா நகரை 1935 இல் அச்சாக்கியிருந்தார். அதன் வீடுகள் "மேல்மாடம்" (1945) என்னும் படத்தில் நடுவில் ஊதிப் பெருத்த நிலையிலும், "அச்சோவியக் கூடம்" (1956) என்னும் படத்தில் சுருண்டு வளைந்த நிலையிலும் மீண்டும் வருகின்றன. இரண்டாவது படத்தில் கூடத்தில் நிற்கும் இளைஞன் ஒரு நகரின் படத்தைப் பார்க்கிறான். அந்நகரின் ஒரு கட்டிடத்தில் அவன் நிற்கும் கூடமே அமைந்துள்ளது. எஷர் நடுப்பகுதியை வெறுமையாக விட்டு அதில் கையொப்பமிட்டார். 2003 இல் லெய்டன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள் ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ராவும் பார்ட் டி ஸ்மித்தும் இவ்வெற்றிடத்தைக் கணினி உதவியுடன் நிரப்பிக் காட்டினர். வளைவை நீக்கி நேராக்கினால், 256 மடங்கு பெரிதாக்கும்போது படம் மீண்டும் தன்னையே காட்டும் என்பது அவர்களுடைய கண்டுபிடிப்பு.

ஏறத்தாழ 4 மீட்டர் நீளமுள்ள "உருமாற்றம் 2" (1939–1940) என்னும் மரச்செதுக்கு அச்சிலும் அத்ரானி உள்ளது. இதில் அவ்வூரை ஒட்டிக் கடலில் நிற்கும் கோபுரம் சதுரங்கப் பலகையின் யானைக் காயாகிறது. இதனை விரிவாக்கி 1967, 1968 ஆம் ஆண்டுகளில் எஷர் உருவாக்கிய "உருமாற்றம் 3" பன்மடங்கு பெரிதாக்கப்பட்டு ஹேக் நகரின் அஞ்சலகச் சுவரில் வைக்கப்பட்டது. பின்னர் ஆம்ஸ்டர்டாம் ஸ்கிப்போல் வானூர்தி நிலையத்துக்கு மாற்றப்பட்டது.